காக்கா காட்டக் கூடாது

ஆனி 3, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். எழுபத்தாறு வயதில் ஒருவனை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், ஊரில் ஆள் பஞ்சம் என்று அர்த்தமில்லை. ஆளைத் தெரிந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இடம், பூங்கோதை நடத்தும் பிள்ளைகள் காப்பகம். கரூரில் பெட்ஷீட் கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப் போவார்கள். பூங்கோதை என் மகன் தனபாலோடு படித்தவள். என்னை மாமா என்பாள். கேட்டில் உட்கார ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதாக மகன் வந்து சொன்னான். போன மாதம் குளியலறையில் நான் சற்று உட்கார்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விழுந்தேன் என்கிறார்கள். உட்கார்ந்தேன்.

இங்கே வேலை செய்கிறவர்கள் அன்றன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது, பெருவிரல்தான். சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. எந்த வருஷப் பஞ்சத்தில் எந்த ஊர்க்காரர் விற்ற எருதுக்கு எந்தக் காதில் மறு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல ருக்குமணி எழுதுகிறாள். பிள்ளைகளுக்குச் சமைப்பது, ஊட்டுவது, கழுவி விடுவது எல்லாம் அவள்தான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், ஆனாலும் பிள்ளைகளைப் போலவே என்னை அப்புச்சி என்கிறாள். நான் ஒன்று சொன்னால் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். "நீங்க பேசறத அப்படியே எழுதுனா, படிக்கறவங்க காதைப் பொத்திக்குவாங்க" என்கிறாள்.

பூங்கோதை வந்ததும் ஒன்று சொல்லிவிட்டாள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு வாரம் பழகும் காலம். ஒத்து வந்தால் இருக்கலாம், வராவிட்டால் வருத்தமில்லாமல் அனுப்பிவிடுவாளாம். எனக்கு ஒத்து வராவிட்டால் சென்னையில் மகள் வளர்மதி வீடு. ஒன்பதாம் மாடி. போன வருஷம் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பருந்தின் முதுகு தெரிகிறது. மனிதன் பருந்தின் முதுகைப் பார்க்கப் பிறக்கவில்லை. இந்த வேலை எனக்கு நிலைக்க வேண்டும்.

என்னோடு இன்று இன்னொருவனும் புதிது. அகரன், இரண்டரை வயது. அவன் அம்மா கோகிலாவுக்குத் தையல் மெஷினில் வேலை. இவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள் கம்பெனிக்கு லேட். இப்படியே போனால் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பை மாட்டும் ஆணிகளுக்கு மேல் படம் ஒட்டியிருக்கிறார்கள். மாம்பழம், மீன், வாத்து. அகரனுக்குக் குடை. எனக்கும் ஒரு ஆணி, மேலே காளை. நல்ல காளை, திமில் சரியாக விழுந்திருக்கிறது. ருக்குமணிக்கு ஆணி இல்லை. கேட்டதற்கு, தன் பை அடுப்படியில் கிடக்கட்டும் என்றாள்.

காலையில் மகன்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். "கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாருங்கப்பா" என்றான். பார்த்துவிட்டுத் திரும்பினால் வண்டி முக்குத் திரும்பிவிட்டது. வேலைக்குப் போகிறவன், அவசரம்.

ஆனி 4, செவ்வாய்

இங்கே விதிகள் சந்தையை விட அதிகம். காய்ச்சல் கண்ட பிள்ளையை உள்ளே விடக் கூடாது. கழுத்தில் காதில் தங்கம் இருந்தால் கழற்றி அம்மாவிடமே கொடுத்துவிட வேண்டும். சோறு ஊட்டும்போது பூச்சாண்டி, போலீஸ், ஊசி மூன்றுக்கும் தடை. அப்புறம் எதைச் சொல்லிப் பிள்ளை சாப்பிடும் என்று கேட்டேன். பசி சொல்லும் என்றாள் பூங்கோதை. கூட்டி வந்தவர் வராமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது.

பத்து மணிக்கு டீக்கடை வரை போய் வருகிறேன் என்றேன். ருக்குமணி விடவில்லை. கூட்டி வந்தவர் வரட்டும் என்றாள். பிள்ளைகளின் விதியை என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று யோசித்தேன். காவல்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். மதியம் எல்லாரும் கட்டாயம் படுக்க வேண்டும். எனக்கும் பாய் போட்டார்கள். படுக்கும் முன் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்குகிறேனா என்று நின்று பார்க்கிறாள். எந்த முதலாளி வீட்டில் இந்தக் கவனிப்பு கிடைக்கும்?

முக்கியமான சமாச்சாரத்துக்கு வருகிறேன். காலையில் அகரன் மறுபடியும் அம்மா காலைப் பிடித்துக்கொண்டான். கூப்பாடு தெரு முனை வரை போகிறது. நான் எத்தனை கன்றைத் தாயிடமிருந்து பிரித்திருக்கிறேன். ஒரு பிடி பசும்புல்லை முன்னால் காட்டினால் கன்று தலையைத் திருப்பும், அந்த நேரத்தில் தாயைப் பின்பக்கமாக ஓட்டிவிட வேண்டும். "அதா பாரு சாமி, ஓட்டு மேல காக்கா" என்றேன். பையன் பார்த்தான். கோகிலாவுக்குக் கண்ணைக் காட்டினேன். நழுவிவிட்டாள். சந்தையில் என்றால் இதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

பையன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அழுத அழுகையை ருக்குமணியே எழுதிக்கொள்ளட்டும். (மதியம் வரை அழுதான். சோறு தொடவில்லை. — ருக்குமணி)

ஆனி 5, புதன்

பூங்கோதை நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே அம்மாக்கள் சொல்லாமல் போகக் கூடாதாம். எத்தனை அழுதாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, எப்போது வருவேன் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அஞ்சரை மணி என்றால் பிள்ளைக்குத் தெரியாது. பால் குடித்ததும் வருவேன் என்று சொல்ல வேண்டும். நான் கன்றுக்குட்டி விவரத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, நீங்க பிரிச்ச கன்னுக்குத் தாய் திரும்ப வரவே வராது. இவனுக்கு அம்மா சாயங்காலம் வருவா. வருவாங்கறது இவனுக்குப் புரியோணும்னா, போறத இவன் கண்ணால பாக்கோணும்."

பெண் பேசுகிறாள், பேசட்டும் என்று இருந்தேன். மாட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

மகன் இன்று விடும்போது எதிர் வீட்டுச் செம்பருத்தி பூத்திருப்பதைக் காட்டினான். நல்ல அடுக்குச் செம்பருத்தி. பையனுக்கு இத்தனை வயதுக்கு மேல் பூவில் நாட்டம் வந்திருக்கிறது.

ஆனி 6, வியாழன்

மறுபடியும் காக்கா காட்டினேன். கோகிலா கையெடுத்துக் கும்பிட்டால் நான் என்ன செய்வது?

ஆனி 7, வெள்ளி

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லாவிட்டால் தானே எழுதிவிடுவதாக ருக்குமணி மிரட்டுகிறாள்.

காலையில் அகரன் என்னைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடிய கண்ணோடு கத்துகிறான். கண்ணைத் திறக்காதவனுக்குக் காக்காயை எப்படிக் காட்டுவது? கோகிலா அரை மணி நேரம் நின்றாள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. கடைசியில் ருக்குமணி பிரித்தெடுத்தாள்.

அது கூடப் பரவாயில்லை. மதியம் பிள்ளைகள் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னலில் நிஜமாகவே ஒரு காக்கா வந்தது. வெள்ளிக்கிழமை, ஒரு கவளம் வைக்கலாமே என்று நல்ல எண்ணத்தில், "கண்ணுகளா, காக்கா வந்திருக்கு பாருங்க" என்றேன். ஒரு பிள்ளைகூடக் காக்காயைப் பார்க்கவில்லை. அத்தனையும் தலையைச் சுற்றிச் சுற்றி யார் காணாமல் போய்விட்டார்கள் என்று பார்க்கின்றன. அந்த நேரத்தில் ருக்குமணி ரசம் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"ருக்குத்தை போயிட்டா" என்றான் அகரன். அவ்வளவுதான். மாம்பழம் அழுதது, மீன் அழுதது, வாத்து தட்டைத் தூக்கிப் போட்டது. ருக்குமணி கரண்டியோடு ஓடி வந்து நின்ற பிறகும், அவள் அவள்தானா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் ஓய்ந்தன. காக்கா மட்டும் சிதறிய சோற்றை நிதானமாகத் தின்றது.

சாயங்காலம் பூங்கோதை விதிப் பலகையில் புதிதாக ஒன்று எழுதினாள். ருக்குமணி படித்துச் சொன்னாள்: காக்கா காட்டக் கூடாது. கீழே ஒரு காக்கா படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். மற்ற விதிகளுக்கு எல்லாம் படம் இல்லை. அது எனக்காகப் போட்டது.

ஆனி 8, சனி

கடைசிப் பிள்ளை போன பிறகுதான் நான் போவது. காவல்காரன் கடைசியில்தானே போக வேண்டும். அம்மாக்கள் வரும்போது ருக்குமணி ஒவ்வொருத்தியிடமும் ஒப்பிப்பாள்: சாப்பிட்டான், தூங்கினான், ஒன்றுக்குப் போனான், யாரையும் கடிக்கவில்லை. என் மகன் வந்தால் அவனிடமும் சொல்கிறாள்: "நல்லா சாப்பிட்டாருங்ணா. ஒரு மணி நேரம் தூங்குனாரு. மாத்திரை போட்டாச்சு." கடிக்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிடுகிறாள். உடன் வேலை செய்கிறவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது இந்தக் காலத்தில் அபூர்வம்.

ஆனி 10, திங்கள்

நேற்று ஞாயிறு. மகன் மாடிப்படியில் நின்று வளர்மதியிடம் போன் பேசிக்கொண்டிருந்தான். எனக்குக் கண்தான் மங்கல், காதில் குறை இல்லை. "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் புள்ள. அங்கயும் ஏதோ பிரச்சினையாம், பிள்ளைக எல்லாம் அழுதுருச்சாம். ஒத்து வரலேன்னா நீயே கூட்டிட்டுப் போயிரு" என்றான். அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். பருந்தின் முதுகு என் கண்ணுக்குள் வந்துவிட்டது.

காலையில் கோகிலா வந்தாள். பழகும் காலம் இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது, கம்பெனியிலும் அதே கெடுவைச் சொல்லிவிட்டார்களாம். நான் கேட் ஓரமாக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். எந்தப் பக்கமும் கையை நீட்டவில்லை. இருந்தும் பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனி 11, செவ்வாய்

இன்று ஒரு அதிசயம். மோர் குடிக்கப் பின்பக்கம் போகலாம் என்று எழுந்தேன். கதவு மூலையில் அகரன் நின்று என்னை உளவு பார்த்துக்கொண்டிருந்தான். நான் எந்த வீட்டிலும் எந்தத் தொழுவத்திலும் போறேன் என்று சொல்லிப் புறப்பட்டது கிடையாது. இங்கே அம்மாக்கள் சொல்லக் கேட்ட பழக்கத்தில், "போயிட்டு வாரேன் சாமி. மோர் குடிச்சதும் வாரேன்" என்றேன்.

குடித்துவிட்டு வந்தேன். பையன் அங்கேயே நின்றிருந்தான். என் முகத்தை மேலும் கீழும் பார்த்தான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

சரி, இன்னொரு தடவை என்று, "போயிட்டு வாரேன், செருப்பை எடுத்து வெச்சதும் வாரேன்" என்று போய் வந்தேன். பிறகு கை கழுவப் போய் வந்தேன். கொடியில் துண்டைப் பார்க்கப் போய் வந்தேன். பார்க்க ஒன்றும் இல்லாதபோது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனேன், சொன்னபடி வந்தேன். என் முட்டி இரண்டும் சண்டைக்கு வந்தன.

கடைசியில் ஒரு தடவை வரும்போது பையன் சொன்னான்: "வந்துட்டே."

அவ்வளவுதான் சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். ருக்குமணி மாவு பிசைந்த கையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி 12, புதன்

நேற்றைய விளையாட்டு இன்று பெரிதாகிவிட்டது. இப்போது அகரன் போகிறான், நான் உட்கார்ந்திருக்கிறேன். "போயித்து வாரேன்" என்று தூணுக்குப் பின்னால் போகிறான். நான் முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். வந்ததும் "வந்துட்டே" என்று சொல்ல வேண்டும். மீனும் வாத்தும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் போக ஒருவர் வர, சந்தை நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

ருக்குமணியிடம் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காலையில் மகன் கோயில் பக்கம் வானத்தில் ஏரோப்ளேன் போகிறது என்று காட்டியதையும் சொன்னேன். எனக்கு ஏரோப்ளேன் தட்டுப்படவில்லை. திரும்பினால் வண்டியும் இல்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்றேன். பேனா மக்கர் செய்கிறது என்றாள். பேனாவை உதறவில்லை, ஒன்றுமில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி 13, வியாழன்

இன்று அகரன் அழுதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு அழுதான்.

ஆனி 14, வெள்ளி

கோகிலா நேரத்தோடு வந்தாள். கேட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பையன் முகத்துக்கு நேராக, "போயிட்டு வாரேன் தங்கம். பால் குடிச்சதும் வந்துருவேன்" என்றாள். பையன் உதட்டைப் பிதுக்கினான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"போயித்து வா" என்றான். அழவில்லை. கோகிலா எழுந்து ரெண்டு அடி நடந்து, அழுகை தாங்காமல் திரும்பி ஓடி வந்தாள். "போயித்து வான்னு சொன்னேன்ல" என்று பையன் அதட்டினான். போய்விட்டாள்.

பிறகு மதியம் வரை அவன் தன் குடை படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் என் காளைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பால் குடித்தோம். கோகிலா வந்தாள். "வந்துட்டே" என்றான். கணக்கு நேராகிவிட்டது.

ஆனி 15, சனி

பழகும் காலம் இன்றோடு முடிகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதச் சொல்கிறேன்.

காலையில் நாங்கள் வந்தபோது கோகிலாவும் அகரனும் கேட்டில் நின்றிருந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொள்வது முடியவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கிப் பையைத் தோளில் மாட்டினேன். மகன் வழக்கம்போல என் தோளுக்கு மேலே கையைக் காட்டி, "அப்பா, அங்க பாருங்க, வாழை குலை தள்ளியிருக்கு" என்றான்.

நான் திரும்பப் போனேன்.

"அப்புச்சி, பாக்காதே."

அகரன்தான். அம்மா கையை உதறிவிட்டு எங்கள் நடுவில் வந்து நின்றான். "பாக்காதே. வண்டி போயிரும்."

கோகிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது, ருக்குமணி வாசலுக்கு வந்துவிட்டாள். நான் வாழையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பத் தயாராகக் கையை வைத்திருந்தான். நாற்பத்தெட்டு வயது ஆள், தலையில் பாதி நரைத்துவிட்டது. சந்தையில் கயிற்றைத் திருடி அகப்பட்டவன் மாதிரி முழித்தான்.

வண்டியை அணைத்தான். இறங்கினான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"போயிட்டு வாரேன்ப்பா."

அகரனுக்கு அது போதவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்ப வருவே?" என்றான்.

மகன் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பால் குடிச்சதும் வந்துருவேன்ப்பா" என்றான்.

நான் வேலைக்கு வந்தவன், என்னிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"போயிட்டு வா சாமி. பாத்துப் போ" என்றேன்.

அகரன் என் விரலைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். அவன் பையைக் குடையில் மாட்டினேன். என் பையைக் காளையில் மாட்ட அவனுக்கு எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன், மாட்டினான்.

மதியம் எல்லாரும் படுத்திருந்தோம். பூங்கோதை வளர்மதியிடம் போனில் மெதுவாகப் பேசுவது கேட்டது. "இல்ல புள்ள, வேண்டாம். இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேருமே நல்லா பழகிட்டாங்க."

நான் கண்ணைத் திறக்கவில்லை. மதியம் படுத்தால் தூங்க வேண்டும். அது விதி.

ஆனி 17, திங்கள்

காலையில் மகன் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் இன்னும் பால் கொடுத்து முடியவில்லை, அதற்குள் வந்து கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறான். வழக்கமாக விளக்கு வைத்த பிறகு வருகிறவன்.

"உங்க மகன் வந்துட்டாருங்க அப்புச்சி, கெளம்புங்க" என்றாள் ருக்குமணி. என் டம்ளரில் பாதிப் பால் இருந்தது. அகரன் டம்ளரிலும் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

பால் குடித்ததும் என்றால் குடித்ததும்தான். வெளியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.